எழுந்திரு என்று யாரும் சொல்லாத இரண்டு நாள்

வாசகர் கடிதம்:

"வணக்கம் மேடம். எனக்கு 29 வயது, சென்னையில் ஐ.டி. வேலை. நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து இரண்டு வருடமாக ஞாயிறு இரவுகளில் ஆண்களுக்கான ஒரு வீடற்றோர் காப்பகத்துக்கும், பக்கத்து நடைபாதையில் இருப்பவர்களுக்கும் சாப்பாடு கொண்டுபோகிறோம். போன மாதம் அங்கே ஒரு பெரியவர், 'சோறு கிடைக்குது தம்பி, எழுந்து போன்னு யாரும் சொல்லாம ஒரு நாள் ஒரு கோயில்ல நிம்மதியா உட்காரணும்' என்றார். அது மனசை விட்டுப் போகவில்லை. பத்துப் பதினைந்து பேரை இரண்டு நாள் அமைதியான இடம் எங்காவது கூட்டிப் போய், தியானம், பிரார்த்தனை என்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன். குழுவில் இரண்டு பேர், 'வீடே இல்லாதவனுக்குத் தியானம் எதுக்குடா, அந்தக் காசுக்குப் போர்வை வாங்கலாம்' என்கிறார்கள். அங்கே எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள், குடிப்பவர்கள் இருக்கிறார்கள், மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உண்டு. செய்யலாமா, எப்படிச் செய்வது?"

தம்பி,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்கள் கேள்வியைவிட அந்தப் பெரியவர் சொன்னதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவர் தியானம் கேட்கவில்லை பாருங்கள். 'எழுந்து போ' என்று யாரும் சொல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் உட்காரக் கேட்டிருக்கிறார். மனநல சமூகப் பணியாளராக 22 வருடம் இந்த மக்களோடு இருந்ததில் இதே ஆசையை எத்தனையோ வாயிலிருந்து எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறேன்.

நடைபாதையில் படுப்பவர்களுக்குக் கடை ஷட்டர் இறங்கிய பிறகுதான் இடம். அதாவது ராத்திரி பத்து, பதினொன்று ஆகிவிடும். விடிவதற்குள் வாசல் தெளிக்க ஆள் வந்துவிடும், எழுந்தாக வேண்டும். நடுவில் கொசு, மழை, ரோந்து போலீஸ், குடித்துவிட்டு வம்புக்கு வருகிறவன். செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துப் படுப்பார்கள், இல்லாவிட்டால் காலையில் செருப்பு இருக்காது. ஆதார் அட்டையை பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கை அதன் மேலேயே இருக்க, பாதித் தூக்கம்தான் தூங்குவார்கள். காப்பகத்தில் இருப்பவர்கள் பாடு இதைவிடத் தேவலை, ஆனால் அங்கேயும் ஒரே கூடத்தில் முப்பது நாற்பது பேர், விடிய விடிய எரியும் லைட், ஓயாமல் ஒரு டிவி. மனசு விட்டு அழ வேண்டுமென்றால் பாத்ரூமுக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் வெளியில் ஒருவர் நின்று கதவைத் தட்டுவார். உங்களுக்கும் எனக்கும் ஒரு துக்கம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அந்தக் கதவு அவர்களுக்கு இல்லை. அம்மா செத்ததைக்கூட அழுது தீர்க்காமல் பத்து வருடம் சுமந்துகொண்டே திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே செய்யலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் நிகழ்ச்சியை அப்படியே செய்ய வேண்டாம்.

முதலில் உங்கள் நண்பர்கள் இருவருக்கும் பதில். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை, அவர்களைக் குழுவை விட்டுப் போகவிடாதீர்கள். வீடு உரிமை, காப்பகம் உரிமை. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் வீடற்றவர்கள் என்று வந்தது, விடுபட்டவர்கள் எத்தனையோ. நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற நிலை வந்ததே 2010-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான். அந்தச் சண்டையை யாராவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாள் அமைதியைக் கொடுத்துவிட்டு அதையே வீட்டுக்குப் பதிலாகக் கணக்கு வைத்தால் அது பெரிய பாவம். ஆனால் போர்வையா, மன அமைதியா என்று எதிரெதிராக வைப்பதும் சரியில்லை. உங்கள் நண்பர் வீட்டில் துக்கம் நடந்தால் போர்வை மட்டும் கொடுத்துவிட்டு வருவாரா? போய்ப் பக்கத்தில் உட்காருவார் அல்லவா?

இரண்டும் சேர்ந்து நடக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமெரிக்காவில், சிகாகோவில் இருக்கிறது. 1998-ல் பில் கிரீட் என்ற சேசு சபைப் பாதிரியாரும், வீடற்றவர்களின் உரிமைக்காக அமைப்பு கட்டி வேலை செய்துவந்த எட் ஷுர்னா என்பவரும் சேர்ந்து, வீடில்லாதவர்களுக்காகவே சிறு தியான முகாம்களை ஆரம்பித்தார்கள். இக்னேஷியன் ஸ்பிரிச்சுவாலிட்டி ப்ராஜெக்ட் என்று பெயர், இன்று பல நகரங்களில் நடக்கிறது. தொடங்கிய இருவரைக் கவனியுங்கள், ஒருவர் பாதிரியார், ஒருவர் வீட்டுக்காகப் போராடுகிறவர். வருகிறவர்களில் நிறையப் பேர் குடியிலிருந்தும் போதைப் பழக்கத்திலிருந்தும் மீண்டுவந்துகொண்டிருப்பவர்கள். சின்னக் குழுவாகப் போய் ஓர் இரவு தங்குகிறார்கள், ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. முன்பு இதேபோல் தெருவில் இருந்தவர்களே குழுவில் இருந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள். திரும்பி வந்த பிறகும் மறுபடி மறுபடி சந்திக்கிறார்கள். இந்த வழிக்கு மூலமான, சேசு சபையைப் பின்னாளில் நிறுவிய இஞ்ஞாசியாரே (இக்னேஷியஸ்) 1522-ல் வீட்டையும் வாளையும் விட்டுவிட்டு, தன் நல்ல துணியை ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மன்ரேசா என்ற ஊரில் மாதக்கணக்காகப் பிச்சை எடுத்துச் சாப்பிட்டுத் தவம் இருந்தவர்தான்.

அது கத்தோலிக்க வழி, அதை அப்படியே இங்கே இறக்க முடியாது, இறக்கவும் தேவையில்லை. நம் ஊரில் வீடில்லாமல் திரிவதும் கடவுளைத் தேடுவதும் ரொம்ப காலம் ஒரே தெருவில்தான் இருந்தன. ஆண்டி, பண்டாரம், பரதேசி, இதெல்லாம் ஒரு காலத்தில் திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போட்ட ஆட்களின் பெயர். இன்றைக்கு மூன்றுமே வசவு. வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமசாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. அவர் பசியை முதலில் வைத்தார், மற்றதெல்லாம் அதற்கப்புறம். நீங்களும் அந்த வரிசையை மாற்றாதீர்கள், இரண்டு வருடம் சோறு கொண்டுபோன கைகள் என்பதால்தான் அந்தப் பெரியவர் உங்களிடம் மனசைத் திறந்திருக்கிறார்.

எங்கள் அனுபவம் ஒன்று சொல்கிறேன். சில வருடம் முன்னால் பதினான்கு ஆண்களை ஊருக்கு வெளியே ஒரு தியான இல்லத்துக்குக் கூட்டிப் போனோம். அறை கேட்டபோது, "அவங்களுக்கு ஹாலே போதுமே மேடம், பாய் போட்டுடலாம்" என்றார்கள். நான் விடவில்லை. ஆளுக்கு ஓர் அறை, உள்பக்கம் தாழ்ப்பாள், கையில் சாவி, இது மூன்றும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கினேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டார். திறந்தார். மறுபடி போட்டார். நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன், அந்தச் சத்தம் நாலைந்து தடவை கேட்டது. மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை, மதியமும் வரவில்லை, பயந்துபோய்த் தட்டினோம். தூங்கியிருக்கிறார், முந்தின நாள் ராத்திரி எட்டு மணியிலிருந்து. "யாரும் எழுப்பலையே மேடம்" என்று கூச்சத்தோடு சொன்னார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார்.

எங்கள் தொண்டர்களில் ஒரு பெண்ணுக்கு வருத்தம், காலை முழுக்கப் போட்டு வைத்திருந்த நிகழ்ச்சி ஒன்றும் நடக்கவில்லையே என்று. பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் நிகழ்ச்சி என்று அவளுக்குப் புரியவைக்க எனக்கு அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. ஆகவே முதல் நாள் வெந்நீர்க் குளியல், தலைக்கு எண்ணெய், மாற்றிக்கொள்ள ஒரு புது வேட்டி அல்லது லுங்கி (கொடுத்துவிடுங்கள், திரும்ப வாங்காதீர்கள்), வயிறார சாப்பாடு, தூக்கம். இதற்குமேல் அன்றைக்கு எதுவும் வேண்டாம்.

கண்ணை மூடி அரை மணி நேரம் உட்காரவைக்கும் யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடி வாங்கியவர்கள், ராத்திரியில் தாக்கப்பட்டவர்கள், தூக்கத்தில் பறிகொடுத்தவர்கள் அவர்கள். கண்ணை மூடச் சொன்னால் அமைதி வராது, பயம்தான் வரும். காதில் குரல் கேட்கிறவர்களுக்கு மௌனம் அந்தக் குரலை இன்னும் பெரிதாக்கும். கண் திறந்தே இருக்கட்டும், சுவரில் முதுகு சாய்ந்து வாசலைப் பார்த்து உட்காரட்டும், வேண்டும்போது எழுந்து போகட்டும். தோட்டத்தில் நடப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சமையலுக்குக் காய் நறுக்குவது இதிலெல்லாம் மனசு தானாக அடங்கும். பத்து நாள் மௌன தியானம் மாதிரி எதிலும் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள்.

பேசும் நேரத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்: "ஏன் வீட்டை விட்டு வந்தீங்க?" அதை அவர்கள் போலீஸிடம், ஆஸ்பத்திரியில், காப்பகத்தில், ஃபாரம் எழுதுகிறவரிடம், என்னை மாதிரி ஆட்களிடம் ஐம்பது தடவை சொல்லி, யாருக்கு எந்தக் கதை வேலை செய்யும் என்று பழகிப்போனவர்கள். வேறு மாதிரி கேளுங்கள். யார் கைச் சாப்பாடு இன்னும் நாக்கில் இருக்கிறது, உங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் யார், கஷ்டத்தில் யாரைக் கூப்பிடுவீர்கள். 'முருகா' என்பார் ஒருவர், 'யா அல்லாஹ்' என்பார் ஒருவர், 'எங்கம்மாவைத்தான்' என்பார் ஒருவர், 'யாரையும் கூப்பிட மாட்டேன், கூப்பிட்டு யாரும் வந்ததில்லை' என்றும் ஒருவர் சொல்வார். நாலுக்கும் ஒரே மரியாதை கொடுங்கள். கடைசி ஆளைத் திருத்தப் போகாதீர்கள், நானும் ஆரம்பத்தில் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன், அந்த மனிதர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

மதம் பற்றி. பிரசங்கம் கூடாது, சோற்றுக்குப் பதிலாகப் பிரார்த்தனை என்ற நினைப்பு ஒரு துளியும் வரக்கூடாது. யார் எந்த வழி என்று முன்கூட்டியே கேட்டு, தொழுகைக்குச் சுத்தமான இடமும் பாயும், திருநீறு, குங்குமம், ஜெபமாலை, பைபிள் எது கேட்கிறார்களோ அதை ஏற்பாடு செய்யுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒன்று செய்ய வேண்டுமென்றால் இறந்தவர்களை நினைப்பதை வையுங்கள். இதை நாங்கள் திட்டமிடவில்லை, தானாக வந்தது. இரண்டாம் நாள் காலை அங்கே இருந்த குளத்துப் படியில், தர்மபுரிப் பக்கத்துக்காரர் ஒருவர், "இதுல தண்ணி எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். அவர் அம்மா இறந்த சேதியே அவருக்குப் பதினொரு மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது. கொள்ளி வைக்கவில்லை, கருமாதி பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, அம்மா பெயரைச் சொல்லி விட்டார். மூன்று தடவை. பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்த முஸ்லிம் பெரியவர் எதுவும் கேட்கவில்லை, இரண்டு கையையும் ஏந்தி துஆ செய்து முகத்தைத் தடவிக்கொண்டார். அப்புறம் ஒவ்வொருவராக ஒரு பெயர் சொன்னார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதையெல்லாம் ஃபோட்டோ எடுக்காதீர்கள். குழுவின் வாட்ஸ்அப்புக்குக்கூட வேண்டாம். பணம் கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் காய்கறி பில்லைக் காட்டுங்கள்.

இனி கண்டிப்பான விஷயம், இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். ஆன்மிகம் வைத்தியத்துக்கு மாற்று ஆகாது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில், சாமி குணப்படுத்தும் என்று கொண்டுவந்து விடப்பட்டு, தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்துப்போனார்கள். ஓடமுடியவில்லை, கட்டியிருந்தது. நம்பிக்கையின் பேரில் ஒருவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டகை ஞாபகம் வரும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டியல் வேண்டும், ஸ்ட்ரிப் எண்ணி எடுத்துக்கொள்ள வேண்டும், வேளைக்குக் கொடுக்க உங்கள் குழுவில் ஒருவர் பொறுப்பு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் டி.பி.க்கும் அதேதான்.

குடி இன்னும் முக்கியம். தினமும் குடிக்கிறவரை 'இரண்டு நாள் சுத்தமாக இருக்கட்டும்' என்று திடீரென்று நிறுத்தவைத்துக் கூட்டிப் போனால் உயிருக்கே ஆபத்து. கை நடுக்கம், வியர்வை என்று ஆரம்பித்து, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் நிலை தடுமாறி என்னென்னவோ தெரிகிறது, கேட்கிறது என்று பிதற்றலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் முன்கூட்டியே காட்டி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் அவர் வர வேண்டும். இந்தத் தடவை முடியாவிட்டால், அடுத்த தடவை உங்களுக்கு இடம் உண்டு என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பீடிக்குத் தடை போடாதீர்கள், ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள். போகிற இடத்திலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 108 எல்லோருக்கும் தெரியும், மனநல ஆலோசனைக்கு 14416, டெலி மானஸ், அதையும் போனில் ஏற்றி வையுங்கள்.

எப்போது போவது? முகூர்த்த நாளில் வைக்காதீர்கள். காப்பகத்து ஆண்களில் நிறையப் பேர் கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள், முகூர்த்தம்தான் அவர்களுக்கு வருமானம். ஆடி இல்லாவிட்டால் மார்கழி பாருங்கள், கல்யாணம் இருக்காது, வேலை மந்தம், மனசும் சோர்ந்திருக்கும் நேரம். காப்பகப் பொறுப்பாளரிடம் பேசி, இரண்டு நாள் இல்லாததால் பதிவேட்டில் பெயர் அடிபடாது, படுக்கை இடம் போகாது என்று உறுதி வாங்குங்கள். நடைபாதையிலிருந்து வருகிறவர்களின் மூட்டையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், சிலரிடம் நாய் இருக்கும், அதற்குச் சோறு வைக்கவும் ஆள் வேண்டும். நாய்க்கு யார் என்று தெரியாததால் பஸ் ஏறாமல் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெண்களையும் அழைக்க நினைத்தால் அது தனியாக, பெண்களே நடத்தும் முகாமாக இருக்க வேண்டும், அதைப் பற்றி வேறொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

நடத்துகிறவர்களில் ஒருவராவது தெருவில் இருந்து மீண்டவராக இருக்கட்டும். அவருக்குச் சம்பளம் கொடுங்கள். மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லவைக்க வேண்டாம், மற்றவர்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பேசினால் போதும், நான் ஒரு மாதத்தில் செய்ய முடியாததை அவர் ஒரு ராத்திரியில் செய்துவிடுவார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான நேரம் திரும்பி வரும் பஸ். போகும்போது பாட்டும் சிரிப்புமாக இருக்கும், வரும்போது ஒருவரும் பேச மாட்டார்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் அழுகிறவர்கள் உண்டு. அன்று ராத்திரியே போய்க் குடிக்கிறவர்களும் உண்டு, நாங்கள் முதல் தடவை இதை எதிர்பார்க்கவில்லை, ஞாயிறு சாயங்காலம் இறக்கிவிட்டு டாட்டா காட்டிவிட்டு அவரவர் வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுத்த தடவை திங்கட்கிழமை சாயங்காலமே போய் அவர்களோடு உட்கார்ந்தோம். பிறகு மாதம் ஒரு நாள், அதே கிழமை, அதே இடம், ஒரு மணி நேரம். அந்தச் சந்திப்புகளில்தான் 'முதியோர் உதவித்தொகைக்கு எழுதணும்', 'அண்ணனுக்கு ஒரு போன் போட்டுத் தர்றீங்களா' என்ற பேச்செல்லாம் வர ஆரம்பித்தது. உங்கள் ஏழு பேரால் ஆறு மாதம் இப்படி வர முடியுமா என்று உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால் பயணமே வேண்டாம், காப்பகத்து மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் டிவி சத்தம் இல்லாத ஒரு மணி நேரத்தை ஏற்பாடு செய்யுங்கள், அதுவே நல்ல ஆரம்பம்.

அப்புறம், அந்தப் பெரியவர் எந்தக் கோயிலைச் சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டீர்களா? முகாம் நடக்கும்போது நடக்கட்டும், இந்த வாரமே ஒரு நாள் சாயங்காலம், கூட்டமில்லாத கிழமையாகப் பார்த்து அவரை மட்டும் கூட்டிப் போங்கள். அதற்கு முன்னால் அவர் குளிக்க, சவரம் செய்துகொள்ள, துணி மாற்ற ஏற்பாடு செய்யுங்கள், வாசலில் யாராவது மேலும் கீழும் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே எத்தனையோ கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்திருப்பார். உள்ளே போன பிறகு அவர் இஷ்டப்பட்ட தூணோரம் உட்காரட்டும். நீங்கள் நாலடி தள்ளி உட்காருங்கள், போனைப் பார்க்காமல். நடை சாத்தும் மணி அடிக்கும்வரை நேரம் இருக்கிறது.